ஒரு பொட்டலம், ஒரு லிட்டர்: கரைசல்கள் பற்றி நோயாளிகளும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

மழைக்காலம் தொடங்கியதும் எங்கள் புறநோயாளிகள் பிரிவில் வாந்தி, வயிற்றுப்போக்குடன் வருவோரின் எண்ணிக்கை உயர்வது வழக்கம். வேலப்பன்சாவடி, திருவேற்காடு, நூம்பல், பூந்தமல்லி எனச் சுற்றுவட்டாரத்திலிருந்து குழந்தையைத் தோளில் சாய்த்தபடி வரும் பெற்றோரிடம் நாங்கள் முதலில் கேட்பது, வீட்டில் என்ன கொடுத்தீர்கள் என்பதே. ஓ.ஆர்.எஸ். கொடுத்தோம் என்று பெரும்பாலோர் சொல்கின்றனர். எவ்வளவு தண்ணீரில் கலந்தீர்கள் என்று அடுத்துக் கேட்டால்தான் விடைகள் வேறுபடுகின்றன. ஒரு டம்ளர் என்பார் ஒருவர். ஒரு சொம்பு என்பார் மற்றொருவர். பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அவ்வப்போது ஒரு சிட்டிகை எடுத்துக் கலந்தோம் என்பவர்களும் உண்டு.

பொட்டலத்தின் மீது அளவு அச்சிடப்பட்டிருக்கிறது. ஆயினும் அந்த அளவு ஏன் அப்படி இருக்கிறது என்பது தெரியாதபோது, அதை ஒரு சம்பிரதாயமாகவே பலர் கருதிவிடுகின்றனர். உண்மையில் அந்தப் பொடியும் அந்த ஒரு லிட்டர் நீரும் சேர்ந்ததுதான் மருந்து. நீரின் அளவு மாறினால் மருந்தே மாறிவிடுகிறது. இதை விளங்கிக்கொள்ளப் பள்ளியில் படித்த வேதியியலைச் சற்று நினைவுகூர்ந்தால் போதும்.

கரைவதும் பிரிவதும்

ஒரு கரண்டி சர்க்கரையை நீரில் இட்டுக் கலக்கினால் அது மறைந்துவிடுகிறது. அழிந்துவிடவில்லை; மூலக்கூறு மூலக்கூறாகப் பிரிந்து நீரெங்கும் பரவிவிடுகிறது. உப்பும் அவ்வாறே மறைகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் நடப்பது வேறு. சர்க்கரையின் ஒவ்வொரு மூலக்கூறும் முழுமையாகவே நீந்துகிறது. உப்போ சோடியம் என்றும் குளோரைடு என்றும் இரண்டாகப் பிரிகிறது. பிரிந்த இத்துகள்கள் மின்னேற்றம் உடையவை. ஒன்று நேர்மின், மற்றது எதிர்மின். இவற்றையே அயனிகள் என்கிறோம். இவை இருப்பதால் உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துகிறது, சர்க்கரைநீர் கடத்துவதில்லை. நீரில் அயனிகளாகப் பிரியும் பொருள்களுக்கு மின்பகுளிகள் என்று பெயர். இரத்தப் பரிசோதனைச் சீட்டில் ‘எலெக்ட்ரோலைட்ஸ்’ என்ற தலைப்பின்கீழ் வரும் சோடியம், பொட்டாசியம், குளோரைடு, பைகார்பனேட் ஆகியவை இவையே.

உப்பு நீரில் கரைந்தவுடனேயே, மின்சாரம் பாய்ச்சாத நிலையிலும், அயனிகளாகப் பிரிந்து கிடக்கிறது என்ற கருத்துக்கு அடித்தளமிட்டவர் சுவீடன் நாட்டு ஸ்வாண்டே அரீனியஸ். 1884இல் உப்சாலா பல்கலைக்கழகத்தில் அவர் அளித்த ஆய்வேட்டுக்குத் தேர்வாளர்கள் மிகக் குறைந்த தரத்தையே வழங்கினர். 1903இல் அவருக்கு வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. பள்ளித் தேர்வில் மதிப்பெண் குறைந்த பிள்ளையை அழைத்துவரும் பெற்றோருக்கு நாங்கள் சில வேளை இக்கதையைச் சொல்வதுண்டு.

இதில் எண்ணிக்கையே முக்கியம். ஒரு மெல்லிய சவ்வின் இருபுறமும் கரைசல்கள் இருந்தால், துகள்கள் அதிகமுள்ள பக்கத்தை நோக்கி நீர் நகரும். ஊறுகாய்க்கு மாங்காயில் உப்பைத் தூவி வைத்தால் மறுநாள் அது நீர்விட்டிருப்பதற்கும், உலர்திராட்சை நீரில் ஊறி உப்புவதற்கும் காரணம் இதுதான். குடற்சுவர், சிவப்பணுக்கள், மூளையின் உயிரணுக்கள் அனைத்தும் இவ்விதிக்கு உட்பட்டவையே. நம் இரத்தத்தில் கரைந்துள்ள துகள்களின் மொத்தச் செறிவு லிட்டருக்கு 275 முதல் 295 மில்லிஆஸ்மோல் என்ற குறுகிய வரம்புக்குள் இருக்கும்படி உடல் இரவும் பகலும் காத்துவருகிறது.

பொங்காவில் நடந்தது

வயிற்றுப்போக்கு கடுமையாக இருக்கும்போது வெறும் நீரைக் குடித்தால், குடல் அதைப் போதிய அளவு ஏற்பதில்லை. உப்புநீரைக் குடித்தாலும் பெரும்பகுதி அப்படியே வெளியேறிவிடுகிறது. ஆனால் குடலின் உட்சுவரில் ஒரு சிறப்பு வாயில் உண்டு. குளுக்கோஸ் மூலக்கூறு ஒன்றும் சோடியம் அயனிகள் இரண்டும் சேர்ந்து வந்தால்தான் அது திறக்கும். திறந்தால் மூன்றும் உள்ளே செல்லும். அவற்றைப் பின்தொடர்ந்து நீரும் செல்லும். காலரா நச்சு குடலை எவ்வளவு பாதித்தாலும் இவ்வாயில் பழுதாவதில்லை. சோடியமும் குளுக்கோஸும் இவ்வாறு இணைந்து பயணிக்கின்றன என்ற கருத்தை ராபர்ட் கிரேன் 1960இல் பிராக் நகரில் முன்வைத்தார்.

அது ஆய்வகத்திலிருந்து மக்களிடம் வந்துசேர்ந்த இடம் நம் நாட்டில்தான் இருக்கிறது. 1971இல் வங்கதேசப் போரின்போது இலட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்கத்துக்குள் வந்தனர். முகாம்களில் காலரா பரவியது. எல்லைக்கு அருகிலுள்ள பொங்கா நகரின் மருத்துவமனையில் படுக்கைகள் நிரம்பித் தரையிலும் நோயாளிகள் கிடந்தனர். நரம்புவழி ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. கொல்கத்தாவைச் சேர்ந்த குழந்தைநல மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் அப்போது ஒரு முடிவெடுத்தார். லிட்டர் ஒன்றுக்குக் குளுக்கோஸ் 22 கிராம், சாதாரண உப்பு 3.5 கிராம், சமையல் சோடா 2.5 கிராம் என்ற கணக்கில் கொல்கத்தாவில் பொட்டலங்கள் கட்டப்பட்டன. அவை பீப்பாய்களில் நீருடன் கலக்கப்பட்டு நோயாளிகளின் உறவினர்கள் கையிலேயே கொடுக்கப்பட்டன. தாயும் தமக்கையுமே செவிலியராயினர். அதுவரை முகாம்களில் ஏறத்தாழ 30 சதவீதமாக இருந்த இறப்பு, அவரது கண்காணிப்பில் இருந்தவர்களிடையே 3.6 சதவீதமாகக் குறைந்தது. மகாலனாபிஸ் 2022இல் மறைந்தார். மறு ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது. வாழும்போதே அறிவித்திருக்கலாம் என்ற வருத்தம் மருத்துவர்களிடையே இன்றும் உண்டு.

1992இல் ஓ139 என்னும் புதிய வகைக் காலராக் கிருமி நம் சென்னையில் வெளிப்பட்டபோதும் இதே கரைசல் அதே விதமாகப் பயன்பட்டது. கிருமி எதுவாயினும் இழப்பது நீரும் உப்பும்தானே. பின்னர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள், எளிதில் செரிக்காத மாவுச்சத்தை ஓ.ஆர்.எஸ். கரைசலுடன் சேர்த்துக் கொடுத்தால் காலரா நோயாளிகளில் வயிற்றுப்போக்கு விரைவில் அடங்குவதைக் கண்டு, 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பேதிக்கு உப்பிட்ட கஞ்சி கொடுக்கும் நம் வீட்டு வழக்கத்திலும் வேதியியல் இருக்கிறது. மாவுச்சத்து என்பது பல நூறு குளுக்கோஸ் மூலக்கூறுகளின் சங்கிலி. சங்கிலியாக இருக்கும்வரை அது ஒரே துகளாகவே கணக்கில் வரும். எனவே அது நீரைக் குடலுக்குள் இழுக்காமல், சிறிது சிறிதாகக் குளுக்கோஸை விடுவிக்கிறது.

டம்ளரில் கலந்தால் என்ன ஆகும்?

உலக சுகாதார நிறுவனம் இன்று பரிந்துரைக்கும் பொட்டலத்தில் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம் என மொத்தம் 20.5 கிராம் பொடி உள்ளது. ஒரு லிட்டர் நீரில் கரைத்தால் சோடியமும் குளுக்கோஸும் தலா 75 மில்லிமோல் என்ற சம அளவில் அமைகின்றன. மொத்தத் துகள் செறிவு 245 ஆகிறது. இது இரத்தத்தின் செறிவைவிடச் சற்றுக் குறைவு. ஆகவே நீர் குடலிலிருந்து இரத்தத்தை நோக்கி நகரும். நாம் வேண்டுவதும் அதுவே. (பழைய பொட்டலங்களில் சமையல் சோடா இருந்தது. ஈரக்காற்றில் அது குளுக்கோஸுடன் வினைபுரிந்து பொடியைப் பழுப்பாக்கிவிடும். அதனால்தான் சிட்ரேட்டுக்கு மாறினார்கள்.)

இப்போது இதே பொடியை 200 மி.லி. டம்ளரில் கரைப்போம். செறிவு ஐந்து மடங்காகிறது. சோடியம் 375, மொத்தம் 1,225. இது ஏறக்குறையக் கடல்நீரின் செறிவு. மெரினாவில் அலையிலிருந்து ஒரு டம்ளர் முகந்து பேதியாகும் குழந்தைக்குப் புகட்டுவோமா? செறிவான கரைசல் குடலுக்குள் சென்றதும் நீர் இரத்தத்திலிருந்து குடலுக்குப் பாய்கிறது, வயிற்றுப்போக்கு பெருகுகிறது, இரத்தத்தில் சோடியம் ஏறுகிறது. குழந்தை அடங்காத தாகத்தால் எரிச்சலுற்று அழுகிறது, பின்பு சோர்கிறது, சில வேளை வலிப்பு வருகிறது. பொடியை இரண்டு லிட்டரில் கலப்பதும் நன்றன்று. வாயிலைத் திறக்கப் போதிய சோடியமும் குளுக்கோஸும் இல்லாமல் போவதோடு, இரத்தத்தின் சோடியம் நீர்த்துப்போய், அதனாலும் வலிப்பு வரலாம்.

கடையில் இரண்டு அளவுப் பொட்டலங்கள் கிடைப்பது குழப்பத்துக்கு ஒரு காரணம். ஏறத்தாழ 21 கிராம் எடையுள்ளது ஒரு லிட்டருக்கு. 4 கிராமைச் சற்றுத் தாண்டும் சிறியது 200 மி.லி. நீருக்கு. வாங்கும்போதே எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய பொட்டலத்தை முழுவதும் ஒரே நேரத்தில் கரைத்துவிட வேண்டும். உள்ளே நான்கு பொடிகள் சீராகக் கலந்திருக்கும் என்ற உறுதி இல்லாததால், சிட்டிகை சிட்டிகையாக எடுப்பது சரியன்று. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் வீட்டில் இருந்தால் அதுவே நல்ல அளவுகோல். காய்ச்சி ஆறிய நீரோ, கேன் தண்ணீரோ, ஆர்.ஓ. நீரோ எதுவாயினும் ஆகும். பாலிலோ, பழச்சாற்றிலோ, சோடாவிலோ கலக்க வேண்டாம். கலந்தபின் காய்ச்சவும் வேண்டாம். 24 மணி நேரத்துக்குப் பிறகு மீதியைக் கொட்டிவிடுங்கள்.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை பேதியான பின்னும் 50 முதல் 100 மி.லி.; இரண்டு முதல் பத்து வயது வரை 100 முதல் 200 மி.லி.; பெரியவர்களுக்கு வேண்டிய அளவு. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மீண்டும் கரண்டி கரண்டியாகத் தொடரலாம். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. பொட்டலம் கிடைக்காத இரவு நேரத்தில் ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுக்கலாம். அதில் பொட்டாசியம் இல்லை என்பதால், பொட்டலம் கிடைத்ததும் அதற்கு மாறிவிடுவது நலம்.

வண்ணப் பெட்டிகளில் வரும் இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். ஆகமாட்டா. சர்க்கரை மிகுந்தும் சோடியம் குறைந்தும் இருப்பவை பேதியைப் பெருக்கக்கூடும். இத்தகைய பானங்களின் பெயரில் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற எழுத்துகளைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. மருந்துக்கடையில் கேட்கும்போது உலக சுகாதார நிறுவனக் கலவை என்று சொல்லிக் கேளுங்கள்.

“ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திடுங்க, டாக்டர்”

இவ்வேண்டுகோளை நாங்கள் கேளாத நாளில்லை. நரம்பில் ஏற்றும் திரவம் எதுவாயினும் நம் ஊரில் அதற்குக் குளுக்கோஸ் என்றே பெயர். உண்மையில் கம்பியில் தொங்கும் பாட்டில்கள் ஒன்றுக்கொன்று வேறானவை. நார்மல் சலைன் என்பது லிட்டருக்கு 9 கிராம் உப்பு மட்டுமே கொண்டது. அதில் ஒரு துளிக் குளுக்கோஸும் இல்லை. 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் குளுக்கோஸ் மட்டுமே உண்டு. உடல் அந்தக் குளுக்கோஸை எரித்துவிட்டபின் மிஞ்சுவது வெறும் நீர். சோடியம் ஏற்கெனவே குறைந்திருக்கும் முதியவருக்கு அதை ஏற்றினால் குறை மேலும் கூடும், மூளை வீங்கும். ஆகவே, களைப்பாக இருக்கிறது, ஒரு பாட்டில் போடுங்கள் என்று கேட்கும்போது நாங்கள் தயங்குவது கஞ்சத்தனத்தாலன்று.

மூன்றாவது பாட்டில் ரிங்கர் லாக்டேட். சிட்னி ரிங்கர் 1880களில் இலண்டனில் தவளையின் இதயத்தை உப்புநீரில் வைத்து ஆராய்ந்துவந்த மருத்துவர். அந்த உப்புநீரில் இதயம் நெடுநேரம் துடித்தது. பிறகு பார்த்தால், காய்ச்சி வடித்த நீருக்குப் பதிலாகக் குழாய்நீரில் அக்கரைசல் தயாரிக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. வடித்த நீரில் தயாரித்துப் பார்த்தபோது துடிப்பு விரைவில் நின்றது. குழாய்நீரிலிருந்த கால்சியமே வேறுபாட்டுக்குக் காரணம். இன்றும் அக்கரைசலில் சோடியத்துடன் சிறிது பொட்டாசியமும் கால்சியமும் இருக்கின்றன.

அந்தக் கால்சியத்தாலேயே ஒரு கட்டுப்பாடும் வருகிறது. செஃப்ட்ரியாக்சோன் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியும் கால்சியமும் ஒரே குழாயில் சந்தித்தால், கரையாத உப்பாக மாறி வெண்ணிறமாகப் படியக்கூடும். அது நுரையீரலின் நுண்குழாய்களை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. பச்சிளங்குழந்தைகளில் அவ்வாறு நிகழ்ந்துள்ளது. செவிலியர் ஒரு மருந்தைச் செலுத்தியபின் குழாயைச் சலைனால் கழுவிவிட்டு அடுத்ததைச் செலுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். ஏன் இவ்வளவு தாமதம் என்று அவரை அவசரப்படுத்த வேண்டாம்.

பொட்டாசியம்: இளநீரும் கீரையும்

உடலின் பொட்டாசியத்தில் பெரும்பங்கு உயிரணுக்களுக்குள்ளேயே இருக்கிறது. இரத்தத்தில் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரைதான் இருக்கலாம். அது 7 ஆனால் இதயத்துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடவும் கூடும். நலமான சிறுநீரகம் மிகுதியை வெளியேற்றிவிடும். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது.

இளநீர் பொட்டாசியம் மிகுந்த, சோடியம் குறைந்த கரைசல். வெயிலில் நடந்து வந்தவருக்கு அது இதமான பானம். டயாலிசிஸ் நோயாளிக்கு அதே ஒரு இளநீர் ஆபத்தாகலாம். ‘இயற்கையானது, ஒன்றும் செய்யாது’ என்ற நம்பிக்கையில் உறவினர்கள் வாங்கிக் கொடுப்பதால் நள்ளிரவில் அவசர டயாலிசிஸ் செய்ய நேர்கிறது. சோடியம் குறைந்தது என்று விற்கப்படும் உப்பிலும் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கப்படுவதுண்டு. சிறுநீரக நோயாளிகளும், டெல்மிசார்டான், ஸ்பைரனோலாக்டோன் போன்ற மருந்துகளை உட்கொள்வோரும் மருத்துவரைக் கேளாமல் அதைப் பயன்படுத்தக் கூடாது.

பொட்டாசிய உப்புகள் நீரில் நன்கு கரையும் என்பதைச் சமையலறையில் நமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். காய்களைச் சிறிதாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துக் கொட்டிவிட்டால் பொட்டாசியத்தின் ஒரு பகுதி அதனுடன் போய்விடும். வடித்த நீரை இரசத்திலோ சாம்பாரிலோ சேர்த்துவிட்டால் பயனில்லை. சத்து வீணாகிறதே என்று பாட்டிமார் வருந்துவர்; மற்றவர்களுக்கு அது சரி, சிறுநீரக நோயாளிக்கு மட்டும் இந்த விதிவிலக்கு.

கெட்டிலின் வெண்படிவும் சிறுநீரகக் கல்லும்

எந்தப் பொருளும் நீரில் எல்லையின்றிக் கரைவதில்லை. 100 மி.லி. நீரில் சாதாரண உப்பு ஏறத்தாழ 36 கிராம் கரையும். அதற்குமேல் இட்டால் அடியில் தங்கும். அதைத் தெவிட்டிய கரைசல் என்கிறோம். கால்சியம் ஆக்சலேட் என்ற உப்போ ஒரு லிட்டர் நீரில் ஏழு மில்லிகிராம்கூடக் கரையாது. சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை இந்த உப்பால் ஆனவை.

நம் பகுதியின் ஆழ்துளைக் கிணற்று நீரைக் காய்ச்சினால் பல வீடுகளில் பாத்திரத்தில் வெண்படிவு ஏற்படுகிறது. நீரில் கரைந்திருந்த கால்சியம் பைகார்பனேட், சூட்டில் கார்பன் டை ஆக்சைடை இழந்து, கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறிப் படிகிறது. இதைக் கண்டு, இந்த நீர்தான் சிறுநீரகத்திலும் இப்படிப் படிகிறது என்று பலர் அஞ்சுகின்றனர். அவ்வளவு நேரான தொடர்பு இல்லை. கெட்டிலில் படிவது கார்பனேட். கல்லில் இருப்பது ஆக்சலேட். மேலும், உணவிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்துக் கரையாத உப்பாக்கி மலத்துடன் வெளியேற்றுகிறது. எனவே கல் வந்துவிட்டது என்பதற்காகப் பாலையும் மோரையும் அடியோடு நிறுத்துபவர்களின் சிறுநீரில் ஆக்சலேட் கூடிவிடுகிறது. பசலைக்கீரை போன்ற ஆக்சலேட் மிகுந்த உணவை அளவோடு, தயிருடன் சேர்த்து உண்பது நல்லது. உப்பைக் குறைக்கவும் வேண்டும். சோடியம் மிகுதியாக வெளியேறும்போது கால்சியத்தையும் சிறுநீருக்குள் இழுத்துச் செல்கிறது.

எல்லாவற்றிலும் எளிய வழி கரைசலை நீர்க்கச் செய்வது. ஒரு நாளில் வெளியேறும் சிறுநீர் இரண்டு முதல் இரண்டரை லிட்டர் இருக்கும்படி நீர் அருந்த வேண்டும். கோடையில் பட்டறையிலோ கட்டடப் பணியிலோ வேலை செய்பவருக்கு வியர்வையில் போவதையும் சேர்த்து மூன்று, நான்கு லிட்டர்கூடத் தேவைப்படும். எலுமிச்சைச் சாற்றிலுள்ள சிட்ரேட் கால்சியத்துடன் இணைந்து அதைக் கரைந்த நிலையிலேயே வைத்திருக்க உதவுகிறது, ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் பார்த்த அதே சிட்ரேட்தான். வாழைத்தண்டுச் சாறு பற்றிக் கேட்பவர்களுக்கு நாங்கள் மறுப்புச் சொல்வதில்லை. அதனுடன் உள்ளே போகும் நீராவது நிச்சயம் பயன் தருகிறது.

இதயம் பலவீனமானவர்களுக்கும், சிறுநீர் குறைந்துபோன சிறுநீரக நோயாளிகளுக்கும், கல்லீரல் நோயால் வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கும் மேற்சொன்ன நீரின் அளவு பொருந்தாது. அவர்களுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு நீர், எவ்வளவு உப்பு என்பதை மருத்துவர் தனியே எழுதித் தருவார்; பேதி வந்தாலும் ஓ.ஆர்.எஸ். எவ்வளவு என்பதைத் தொலைபேசியிலாவது கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். மற்றவர்களைப் பொறுத்தவரை, கரைசல் கொடுத்தும் குழந்தை ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காவிட்டாலோ, அழும்போது கண்ணீர் வராவிட்டாலோ, கண்கள் குழிவிழுந்து எழுப்பினாலும் சோர்ந்தே கிடந்தாலோ, மலத்தில் இரத்தம் தென்பட்டாலோ, வாந்தியால் எதுவுமே தங்காவிட்டாலோ காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். வரும்போது நீங்கள் பயன்படுத்திய பொட்டலத்தின் உறையையும் கலந்த பாத்திரத்தையும் கையோடு கொண்டுவந்தால், எவ்வளவு செறிவில் கொடுக்கப்பட்டது என்பதை நாங்கள் உடனே கணக்கிட்டுக்கொள்ள முடியும்.